பழைய நாளைப் பாடுவது எப்படி? அப்பாவின் நோட்டிலிருந்து ஒரு கேள்வி

மோல்மேன் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பர்மாவில், மோல்மேனில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த வருஷத் திருவிழா மலருக்கு என் அப்பா எழுதிய கவிதை ஒன்றைத் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எதைத் தருவது என்பதில் எனக்கும் மலர் போடுகிறவர்களுக்கும் ஒத்துவரவில்லை. இங்கே கவிதை படித்துப் பழகியவர்கள் பலர் இருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். ஆலையில் பழைய பேரேடுகளைக் கழிக்கும்போது வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். தாளின் ஒரு பக்கம் மூட்டைக் கணக்கு, மறுபக்கம் அவருடைய பாட்டு. மெல்லிய தாள் என்பதால் மை ஊறி, பாட்டு வரிகளுக்கு நடுவே அந்தப் பக்கத்து எண்கள் இடவலம் மாறித் தெரியும். இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, தமிழ் கோயில் மண்டபத்துக்கும் வீட்டுத் திண்ணைக்கும் வந்துவிட்டது. ரங்கூனிலிருந்து (இன்றைய யாங்கோன்) வந்துகொண்டிருந்த தமிழ் நாளிதழ்களும் அதே காலத்தில்தான் நின்றன. எழுதியதை அனுப்ப ஓர் இடம் கிடையாது. ஆனாலும் கண் தெரிந்தவரை எழுதினார்.

நோட்டில் இருப்பவை பெரும்பாலும் பழைய காலத்தைப் பற்றிய பாட்டுகள். மலர்க் குழுவுக்குப் பிடித்தது இந்த மாதிரி:

பொற்காலம் போயிற்றே, புகழெல்லாம் போயிற்றே,
நற்காலம் இனிவருமோ, நாமதனைக் காண்போமோ!

இப்படி நாற்பது வரி போகிறது. ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, மேடையில் வாசித்தால் கை தட்டுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு. 2005இல் சால்வீன் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் திறந்த பிறகு எழுதியது. அதற்கு முன்னால் ரங்கூனிலிருந்து வருகிற ரயில் அக்கரையில் மர்த்தபானோடு நின்றுவிடும், அங்கிருந்து படகில்தான் ஊருக்கு வர வேண்டும்.

மர்த்தபான் வரைக்கும்தான் ரயில்.
இறங்கினால் ஆறு, அக்கரையில் ஊர்.
ஈரப் பலகையில் என்னை நிறுத்திவிட்டு
அப்பா சீட்டு வாங்கப் போவார்.
கூட்டத்தில் அவர் தலை தெரிகிறவரை
ஆற்றின் பக்கம் நான் திரும்பவில்லை.

இப்போது பாலம். ரயில் நிற்பதில்லை.
'எந்த இடம் தாத்தா?' என்கிறான் பேரன்.
கையை நீட்டுவதற்குள் தாண்டிவிடுகிறது.

நோட்டில் 'ஈரப் பலகை' என்ற இடத்தில் முதலில் 'பொன்னான பலகை' என்று எழுதி, அதை ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறார். அந்தக் கோட்டை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வரியில் பொன் பொன் என்று பாடியவர், இந்த ஓர் இடத்தில் பொன்னை எடுத்துவிட்டு ஈரத்தை வைத்திருக்கிறார்.

மலர்க் குழுவில் இருப்பவர்கள் நல்லவர்கள், கோயிலுக்காக உழைப்பவர்கள். அவர்கள் கேட்பது இதுதான்: "இதில் பழைய பெருமை எங்கே வருகிறது? வருத்தம்கூட வெளியே தெரியவில்லையே? வசனத்தை மடக்கிப் போட்டது போல இருக்கிறதே?" எனக்குப் பதில் சொல்லத் தெரிகிறது, ஆனால் அப்பா என்ற பாசத்தில் பேசுவதாக நினைத்துவிடுகிறார்கள்.

நம் பழைய புலவர்கள் கழிந்த நாளை எப்படிப் பாடினார்கள்? வாய்விட்டுப் புலம்பாத பாட்டு பலவீனமான பாட்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பகோடா ரோடு வாசகர் (யாங்கோன்) எழுதியது:

டீச்சரம்மா, யோசிக்கவே வேண்டாம், படகுத்துறைப் பாட்டைக் கொடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன், மலர்க் குழுவிடம் காட்டுங்கள். நான் அப்பாவின் மகன் இல்லை, பாசம் என்று சொல்ல முடியாது.

பழைய நாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருவது நற்சான்று. பொற்காலம், பொன்னாள், இனிய நாள். எழுதுகிறவருக்கு அந்த நாள் கண்முன் நிற்கிறது, அதனால் 'பொன்' என்று சொன்னாலே அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். படிக்கிறவன் அந்த நாளில் இல்லை. அவன் கண்ணுக்கு எதையாவது காட்டினால்தான் அது போனதன் வருத்தம் அவனுக்கும் வரும். அவன் பார்க்காத ஒன்றை இழக்க முடியாது.

புறநானூறு 243ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவரின் இயற்பெயரே நமக்குத் தெரியாது, பாட்டில் வரும் 'தொடித்தலை விழுத்தண்டு' என்ற தொடரை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவரை அழைக்கிறோம். பூண் போட்ட பெரிய கைத்தடி. கிழவர், தடியை ஊன்றி நின்று இளமையை நினைக்கிறார். மொத்தம் 14 அடி. 'இனி நினைந்து இரக்கம் ஆகின்று' என்று தொடங்குகிறார். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது, அவ்வளவுதான், வருத்தத்தை அந்த ஒரு வாக்கில் முடித்துவிட்டார். அப்புறம் என்ன செய்தோம் என்பதுதான். மணலில் பாவை செய்து பூப் பறித்துச் சூட்டினோம். குளத்தில் ஆடும் பெண்களோடு கை கோத்து, அவர்கள் தழுவியபடி தழுவி, ஆடியபடி ஆடினோம். ஒளிவு மறைவு தெரியாத கூட்டாளிகள். பிறகு வருகிறது:

உயர்சினை மருதத் துறையுறத் தாழ்ந்து
நீர்நணிப் படிகோடு ஏறிச், சீர்மிகக்
கரையவர் மருளத், திரையகம் பிதிர,
நெடுநீர்க் குட்டத்துத் துடுமெனப் பாய்ந்து
குளித்துமணற் கொண்ட கல்லா இளமை

துறைப்பக்கம் தாழ்ந்து, தண்ணீரை ஒட்டிப் படிந்த மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைக்க, அலை சிதற, ஆழமான மடுவில் துடும் என்று குதித்து, முங்கி அடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்த இளமை. இந்த மணலில்தான் பாட்டே இருக்கிறது என்பேன். குதித்தோம், நீந்தினோம் என்று சொல்லியிருந்தால் எல்லாக் கிழவர்களும் சொல்வதுதான். அடி மணலைக் கையில் கொண்டு வந்து கரையில் இருப்பவர்களுக்குக் காட்டுவது அந்த வயதுப் பையன் மட்டும் செய்கிற காரியம். இரண்டாயிரம் வருஷம் ஆகட்டும், அந்தப் பையன் ஈரத்தோடு எழுந்து வருகிறான்.

இன்னொன்றும் கவனியுங்கள். இளமை வருகிற பகுதி முழுக்க ஒரே மூச்சு. ஏறி, பாய்ந்து, குளித்து என்று வினையெச்சமாகவே ஓடுகிறது, எங்கேயும் நின்று மூச்சு வாங்குவதில்லை. 'அளிதோ தானே! யாண்டுண்டு கொல்லோ' என்ற இடத்தில்தான் நிற்கிறது. அதற்குப் பின் கிழவர்:

தொடித்தலை விழுத்தண்டு ஊன்றி, நடுக்குற்று
இருமிடை மிடைந்த சிலசொல்
பெருமூ தாளரேம் ஆகிய எமக்கே?

நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தின அடி மூன்று சீரோடு குறைந்து வர வேண்டும் என்பது இலக்கணம். எல்லாப் பாட்டிலும் வருவதுதான். இந்தப் பாட்டில் அந்தக் குறைந்த அடி எங்கே விழுகிறது பாருங்கள். 'இருமிடை மிடைந்த சிலசொல்', இருமலுக்கு நடுவே வருகிற சில சொல். அடியே இருமலில் அறுந்து நிற்கிறது. யாப்பு விதியை இதைவிடப் பொருத்தமான இடத்தில் யாரும் வைத்து நான் படித்ததில்லை.

உங்கள் அப்பா 243ஐப் படித்தாரோ இல்லையோ, அதே வழியில் போயிருக்கிறார். பலகை ஈரம், அப்பாவின் தலை, ஆற்றைப் பார்க்காத பையன். கடைசி வரியில் கையை நீட்டுவதற்குள் இடம் போய்விடுகிறது. 'காலம் ஓடுகிறது' என்று அவர் எழுதவில்லை, ரயிலை ஓடவிட்டார். வருத்தம் வெளியே தெரியவில்லை என்று மலர்க் குழு சொல்வது என்னைப் பொறுத்தவரை அந்தப் பாட்டுக்குக் கிடைத்த பாராட்டு.

தட்டோன் தம்பி எழுதியது:

யாங்கோன் வாத்தியாருக்கும் டீச்சரக்காவுக்கும் வணக்கம். பாட்டு நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு வேறு ஒரு குறை உண்டு, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் எந்த மலரை எடுத்தாலும் பழங்காலம்தான். பர்மா அரிசி உலகத்துக்குச் சோறு போட்டது, செட்டியார்கள் கட்டிய கோயில், 1942இல் போருக்குப் பயந்து இந்தியாவுக்கு நடந்து போனவர்கள், 1964இல் கப்பலேறியவர்கள். எல்லாம் உண்மை, எல்லாம் பெரிய துயரம், என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி நடைபயணத்தில் போனவர், திரும்பத் தகவலே இல்லை. ஆனால் போகாமல் இங்கேயே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. காலையில் டீக்கடையில் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போகிறோம், மாலையில் காவடிக்குப் பயிற்சி எடுக்கிறோம், வீட்டில் பாதி பர்மிய மொழியும் பாதி தமிழுமாகப் பேசுகிறோம். இதெல்லாம் கவிதைக்கு ஆகாதா?

பாரதியார் கேட்டாரே:

சென்றதினி மீளாது மூடரே! நீர்
எப்போதும் சென்றதையே சிந்தை செய்து
கொன்றழிக்கும் கவலையெனும் குழியில் வீழ்ந்து
குமையாதீர்!

இன்று புதிதாய்ப் பிறந்தோம் என்று எண்ணச் சொன்னார். நான் இதைப் பாட்டாகவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், தினமும் ஒரு தடவையாவது வாயில் வரும். என் வயதுப் பிள்ளைகள் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கையில் இன்னொரு 'போயிற்றே போயிற்றே' மலரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் பாட்டு போடுங்கள், ஆனால் மலரில் பாதியாவது இன்றைக்கு எழுதுகிறவர்களுக்கு இருக்கட்டும்.

சூலியா வீட்டுப் பிள்ளை (யாங்கோன்) எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். நம் ஊரிலேயே ஒரு கவிஞர் அடங்கியிருக்கிறார், இந்தப் பேச்சில் அவர் பெயர் வராமல் இருக்கக் கூடாது. முகலாய பாதுஷா பகதூர் ஷா ஜஃபர். 1858இல் வெள்ளைக்காரன் டில்லியிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவந்து ரங்கூனில் வைத்தான். 1862 நவம்பர் 7ஆம் தேதி மௌத்தானார். கப்ரு (அடக்கம் செய்த குழி) எங்கே என்று தெரியாதபடி தரையோடு தரையாக்கிவிட்டார்கள். 1991இல் அந்த இடத்தில் கட்டட வேலைக்குத் தோண்டும்போதுதான் செங்கல் கட்டிய கப்ரு வெளியே வந்தது. ஷ்வேடகோனுக்குப் பக்கத்தில்தான் தர்கா, வாப்பா காலம் முதல் வியாழக்கிழமைகளில் போய்வருகிறோம்.

அவர் பெயரில் வழங்கிவரும் ஒரு கஸலில் இரண்டு அடி உண்டு. நீண்ட ஆயுளைக் கேட்டு நாலு நாள் வாங்கி வந்தேன், இரண்டு ஆசைப்படுவதில் போயிற்று, இரண்டு காத்திருப்பதில் போயிற்று என்று பொருள். அவர் எழுதியதில்லை, பின்னால் வந்த வேறு ஒருவர் எழுதியது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். யார் எழுதினாலும் சரி, டில்லியின் கோட்டையும் சிம்மாசனமும் அதில் இல்லை. பாதுஷாவுக்கும் நமக்கும் பொதுவான நாலு நாள் மட்டும் இருக்கிறது. தட்டோன் தம்பி, இதைப் புலம்பல் என்று சொல்வீர்களா?

மோல்மேன் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதம், ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தேன். யாங்கோன் ஐயா சொன்ன 243ஐ வகுப்பில் வைத்துப் பார்த்தேன்.

தம்பி, நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை, மலரில் புதிதாக எழுதுகிறவர்களுக்கு இடம் கேட்டு நானே குழுவிடம் பேசுகிறேன். ஆனால் பாரதியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்றதை எண்ணாதே என்று பாடிய அதே பாரதியார்தான் 'கனவு' என்ற சுயசரிதையையும் பாடினார். பிள்ளைப் பருவத்தில் ஒரு பெண் தண்ணீர் எடுத்து வரும் வழியில் காத்திருந்ததையெல்லாம் விட்டுவிடாமல் சொல்கிறார். 'பொய்யாய்ப் பழங்கதையாய்க் கனவாய் மெல்லப் போனதுவே' என்ற பட்டினத்தார் வாக்கை அதற்கு முகப்பில் வைத்தார். அவர் வேண்டாம் என்றது கவலைக் குழியில் விழுவதைத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நினைக்கவே கூடாது என்றால் அந்தப் பாட்டை ஏன் எழுதப் போகிறார்?

சரி, வகுப்புக்கு வருகிறேன். என் பிள்ளைகளில் பலருக்கு வீட்டு மொழி பர்மிய மொழிதான். பேச்சுத் தமிழே தட்டுத் தடுமாறி வரும். அவர்களிடம் புறநானூறு என்றால் பயந்துவிடுவார்கள் என்று பெயரே சொல்லவில்லை. சீர் பிரித்துப் பலகையில் எழுதி, ஒரு தாத்தா சின்ன வயதில் செய்ததைச் சொல்கிறார், என்ன செய்தார் கண்டுபிடியுங்கள் என்றேன். 'துடும்' என்பதைப் படித்ததும் பின்வரிசைப் பையன்கள் வாயாலேயே குதித்துக் காட்டினார்கள். எதற்காக மணலை எடுத்து வந்தார் என்று கேட்டேன். இதற்குப் பதில் வராது, நானே விளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டேன். எப்போதும் வாய் திறக்காத ஒரு பையன் எழுந்து, "எடுத்துட்டு வரலேன்னா அடியைத் தொட்டதா யாரும் நம்ப மாட்டாங்க டீச்சர்" என்றான். பக்கத்தில் இருந்தவன், "நம்ம ஆத்துல மணல் இல்லை, சேறு" என்று திருத்தினான். இவர்களும் இதையேதான் செய்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் திட்டுவார்கள் என்று யாரும் இதுவரை வெளியே சொன்னதில்லை.

அந்த மகிழ்ச்சியில் அப்பாவின் பாட்டையும் வாசித்தேன், யார் எழுதியது என்று சொல்லாமல். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சின்னப் பெண், "அந்த அப்பா சீட்டு வாங்கிட்டு வந்துட்டாரா டீச்சர்?" என்று கேட்டாள். வந்துவிட்டார் என்று சொன்னேன். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பையன் ஆற்றைப் பார்க்காமல் நின்றது பயத்தினால் என்று நான் இத்தனை நாளாக நினைத்துப் பார்த்ததே இல்லை. அப்பா எங்களைக் கூட்டத்துக்குள் அழைத்துப் போனால் கையை விடவே மாட்டார், திருவிழாவில் வியர்த்து வழுக்கினாலும் விட மாட்டார். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

வியாசர்பாடி பர்மாக்காரர் எழுதியது:

டீச்சரம்மா, சென்னையிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது ரங்கூனில். பையனாக இருக்கும்போது கப்பலில் வந்து இறங்கியவன். உங்கள் அப்பாவின் பாட்டை என் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

வாத்தியார் ஐயா 243ஐச் சொன்னார். நான் புறநானூறு 112ஐச் சொல்ல வேண்டும், அது எங்கள் பாட்டு.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்,
எந்தையும் உடையேம்; எம்குன்றும் பிறர்கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்,
வென்றுஎறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே!

பாரி மகளிர் பாடியது. மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பறம்பு மலை போயிற்று, பாரியும் போனான். ஐந்தே அடி. போன மாத நிலாவில் எங்கள் அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலாவில் குன்றையும் கொண்டு போனார்கள், எங்கள் அப்பாவும் இல்லை. முதலில் சொல்லும்போது அப்பா முன்னால், குன்று பின்னால். இரண்டாவது தடவை குன்றை முதலில் சொல்லி முடித்துவிட்டு, அப்பாவைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள். சொல்ல முடியாததைத் தள்ளித் தள்ளி வைத்துக் கடைசியில் சொல்கிறார்கள். அந்தப் பெண்கள் வாய்விட்டுத்தான் சொல்கிறார்கள், மறைக்கவில்லை. ஆகவே வருத்தத்தை வெளியே சொன்னால் பாட்டு கெட்டுவிடும் என்றும் இல்லை. ஆனால் அவர்கள் சொன்னது இரண்டு இழப்பு, ஒரு நிலா, அவ்வளவுதான். 'பொன்னான பறம்பு' என்று எங்காவது வருகிறதா?

எங்கள் அப்பாவுக்கு ரங்கூனில் துணிக்கடை. கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கையில் இருந்தது காகிதமாயிற்று. சென்னைக்கு வந்தபின் அவர் அதைப் பற்றிப் பெரிதாக எதுவும் பேச மாட்டார். ராத்திரி தூக்கம் வராவிட்டால் கடை அலமாரியை மேல் தட்டிலிருந்து கீழ் தட்டு வரை சொல்லிக்கொண்டே வருவார். மல், பாப்ளின், கோடு போட்ட லுங்கி, கட்டம் போட்ட லுங்கி, கீழே பள்ளிக்கூடத்துக் காக்கி. அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு 'ம்' கொட்டுவார். ஒரு தட்டு தவறிப்போனால் அம்மாதான் எடுத்துக் கொடுப்பார். நான் கேட்டதிலேயே பழைய நாளைப் பற்றிய பெரிய பாட்டு அதுதான். 'பொற்காலம்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

தட்டோன் தம்பி, நீங்கள் போகாமல் இருந்தவர்கள், நாங்கள் போனவர்கள். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை என்கிறீர்கள். இங்கே எங்களுக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பர்மா என்றால் எங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பீச் ஸ்டேஷன் பக்கம் விற்கிற அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் மட்டும்தான். நீங்கள் எழுதுங்கள், நான் எடுத்துக் காட்டுகிறேன்.

தட்டோன் தம்பி எழுதியது:

ஐயா, அலமாரித் தட்டைப் படித்துவிட்டு என் பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். அவர் வீட்டுக் கிணற்றில் யார் யார் தண்ணீர் எடுத்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். அதை எழுதி வைத்திருக்கிறேன்.

நான் எதிர்த்தது பழையதை அல்ல, பழையது முடிந்துபோன ஒன்று என்று பாடுவதைத்தான். எனக்குப் பிடித்த ஒரு பாட்டைச் சொன்னால் புரியும். சின்ன வயதில் எங்கள் தெருப் பையன்களோடு பர்மிய மடத்தில் கொஞ்ச நாள் இருந்தேன். அங்கே சாயாடோ (மடத்துப் பெரிய பிக்கு) குண்டலகேசியின் கதை சொல்வார். திருடனைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள், தன்னைக் கொல்லப் பார்த்தவனை மலையிலிருந்து தள்ளிவிட்டுப் பிறகு பிக்குணி ஆனவள். அந்தக் கதை தமிழிலும் காப்பியமாக இருந்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். முழு நூலும் கிடைக்கவில்லை, 19 பாட்டுகள்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதில் ஒன்று:

பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்
காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும்
மீளும்இவ் வியல்பும் இன்னே மேல்வரு மூப்பும் ஆகி
நாளும்நாள் சாகின் றோமால் நமக்குநாம் அழாத தென்னோ.

குழந்தை செத்துத்தான் சிறுவன் வந்தான், சிறுவன் செத்துத்தான் வாலிபன் வந்தான், நாளுக்கு நாள் செத்துக்கொண்டேதான் இருக்கிறோம், அப்படியிருக்க நமக்காக நாம் ஏன் அழவில்லை என்று கேட்கிறது. வீட்டில் ஒருவர் இறந்தால் மட்டும் அழுகிறோமே என்ற கேள்வி. இதில் அந்தக் காலம், இந்தக் காலம் என்று கோடு கிழிக்கவே இல்லை. இன்றைக்குக் காலையில் டீக்கடைக்குப் போன நானும் போய்விட்டேன். எனக்கு இதைப் படித்தால் சோகம் வருவதில்லை, சீக்கிரம் எழுத வேண்டும் என்ற அவசரம் வருகிறது.

அதனால் இப்படிச் செய்யலாமா? டீச்சரக்கா, மலரில் அப்பாவின் படகுத்துறைப் பாட்டு வரட்டும். பக்கத்திலேயே உங்கள் வகுப்புப் பையன்கள் ஆற்றில் முங்கிச் சேறு எடுத்து வருவதை அவர்களையே எழுதச் சொல்லுங்கள், பிழை இருந்தாலும் பரவாயில்லை. நான் பாட்டியின் கிணற்றைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு யாப்பு தெரியாது, வாத்தியார் பார்த்துத் தருவாரா?

பகோடா ரோடு வாசகர் எழுதியது:

அனுப்பு தம்பி, பார்த்துத் தருகிறேன். வெண்பாவில் இறங்காதே, தளை தட்டாமல் பார்ப்பதிலேயே பாட்டி சொன்ன பெயர்கள் பாதி விழுந்துவிடும். ஆசிரியப்பாவில் எழுது. யார் யார் தண்ணீர் எடுத்தார்கள் என்பதை அவர் சொன்ன வரிசையிலேயே வை, ஓசைக்காக முன்பின் மாற்ற வேண்டாம். மலருக்குக் கடைசித் தேதி எது என்று டீச்சரம்மாவிடம் கேட்டுச் சொல்.